ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கே வந்துவிட்டார்கள்

அழைப்பு மணி அடித்தபோது நான் சாரமும் பெனியனுமாகக் குசினியில் நின்றேன். சுவர் மணிக்கூட்டில் நான்கு ஐம்பத்தெட்டு.

"பார்சல்காரனா இருக்கும்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஜேர்மனியில் பார்சல் வராது என்பது, முப்பது வருடத்துக்கு மேலாக இங்கே வரி கட்டுகிற ஒருவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் பயந்த மனிதன் எதையும் நம்புவான்.

ரீற்றா யன்னல் சீலையை விலக்கித் தெருவைப் பார்த்தாள். ரீற்றா என் மனைவி. என் முட்டாள்தனங்களை ஒன்றுவிடாமல் நினைவில் வைத்திருப்பவள்.

"பார்சல் இல்லை. பிள்ளை வந்திட்டாள். மருமகனும் நிக்கிறார். கையில பூவும் வைச்சிருக்கிறார்."

"நாங்கள் எத்தினை மணிக்கு வரச் சொன்னனாங்கள்?"

"ஐஞ்சு மணிக்கு."

"அதுதானே கேக்கிறன். பிறகேன் ஐஞ்சு மணிக்கு வந்து நிக்கினம்?"

நான் சாரத்தைப் பிடித்தபடி அறைக்குள் ஓடினேன். ஓடுகிற வழியில் ஸ்லோ குக்கரின் மூடியைத் திறந்து இறைச்சியில் முள்ளுக்கரண்டியால் ஒரு குத்துக் குத்திப் பார்த்தேன். கரண்டி உள்ளே இறங்கவில்லை.

தொழிற்சாலையில் நான் பெட்டி அடுக்கிய கதைகளையே இந்தப் பத்தியில் வாரா வாரம் படித்துவிட்டு, "குடும்பத்தைப் பற்றி ஒன்றும் எழுத மாட்டீர்களா?" என்று கேட்ட வாசகர்களுக்கு இந்த வாரம் நல்ல காலம். எனக்குத்தான் அப்படியில்லை.

சட்டி வந்த கதை

வந்திருந்தவர்கள் என் மகள் டிலானியும் அவள் கணவர் டெக்லனும். டிலானி கொலோனில் ஒரு மருத்துவமனையில் தாதி. டெக்லன் அயர்லாந்துக்காரர், அதே நகரத்தில் பள்ளிக்கூடமொன்றில் ஆங்கிலம் படிப்பிக்கிறார். கல்யாணம் முடிந்து இரண்டு வருடமாகியிருந்தது. கெல்சென்கிர்ச்சனில் இருக்கும் எங்கள் வீட்டுப் படியை மருமகன் அன்றுதான் முதன்முதலாக ஏறினார்.

ரயிலில் வந்தால் ஒரு மணித்தியாலத் தூரம். அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு வருடம் ஏன் எடுத்தது என்று கேட்பீர்கள். சொல்கிறேன். சொல்ல வேண்டியதைத் தள்ளிப் போடுவதில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு.

வருகிறோம் என்று டிலானி போனில் சொன்ன அன்றே நான் தீர்மானித்துவிட்டேன், சமையல் என்னுடையது என்று. ரீற்றாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. நான் அதுவரை சொந்தமாகச் செய்த ஒரே சமையல் தேத்தண்ணீர். அதற்கும் சீனி எங்கே இருக்கிறது என்று அவளைத்தான் கேட்பேன்.

"ஆட்டுக்கறியும் றோல்ஸும் வைச்சால் ஆர் வேண்டாம் எண்டு சொல்லப் போகினம்?" என்றாள்.

"அதெல்லாம் ஆரும் வைப்பினம். நாங்கள் அவையின்ர ஊர்ச் சாப்பாடு குடுக்க வேணும். அதுதான் மரியாதை."

அயர்லாந்துக்காரர் என்ன சாப்பிடுவார்கள் என்று போனில் தேடினேன். அமெரிக்காவிலிருந்து ஒரு பெண்மணி பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்து, கோர்ன்ட் பீஃப் என்றார். காலையில் ஸ்லோ குக்கர் என்ற மின்சாரச் சட்டிக்குள் இறைச்சியையும் மரக்கறியையும் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள், மாலையில் குடும்பமே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும் என்றார். வீடியோவின் கடைசியில் அவர் குடும்பம் சிரித்தது. எனக்கு வேண்டியது அதுதான்.

சூப்பர்மார்க்கெட்டில் மலிவு விலைச் சாமான்கள் போடும் நடு வரிசையில், ஏணிக்கும் நீச்சல் கண்ணாடிக்கும் நடுவே அந்தச் சட்டி எனக்காகக் காத்திருந்தது. அறிவுறுத்தல் புத்தகம் பதினொரு மொழியில் இருந்தது. தமிழில் இல்லாததால் படிக்க வேண்டிய அவசியம் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். டிலானியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது. எங்கள் ஆண்களில் பலருக்கு அது வாயால் ஏலாது. நானோ அந்தப் பலருக்குத் தலைவராக நிற்கத் தகுதியானவன். அதனால்தான் இரண்டு கிலோ மாட்டிறைச்சிக்கு ஓர்டர் கொடுத்தேன்.

இறைச்சிக்கும் டெர்மின்

கோர்ன்ட் பீஃப் எங்களுக்குப் புதிதல்ல. டின்னில் வருவது எல்லோருக்கும் தெரியும். இந்த நாட்டுக்கு வந்த புதிதில், அகதிகள் விடுதியில், வாரப் பொதியில் ஒரு டின் வந்தது. என்னோடு ஒரே அறையில் இருந்த சேவியர் அண்ணை அதை உடைத்து, வெங்காயமும் செத்தல் மிளகாயும் போட்டுச் சட்டியில் பிரட்டினார். புகை மாடிப்படிவரை போனது. காவலாளி தீயணைப்புப் படைக்கு அறிவித்துவிட்டார். இரண்டு வாகனம் வந்தது. சேவியர் அண்ணை வந்தவர்களுக்கும் பாணில் வைத்து ஒவ்வொரு துண்டு கொடுத்தார். ஒருவர் கண்ணீர் வடியச் சாப்பிட்டார்.

சேவியர் அண்ணையை நினைவில் வைத்திருங்கள். நான் வைத்திருந்த அளவுக்கு வேண்டாம்.

ஆனால் அமெரிக்கப் பெண்மணி காட்டியது டின் அல்ல. உப்புத் தண்ணீரில் ஒரு கிழமை ஊறிய மாட்டு நெஞ்சிறைச்சி, முழுத் துண்டாக. அதைத் தேடி எங்கள் தெருக்கோடி இறைச்சிக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எப்போது வேண்டும்?"

"இப்போது."

"இது ஊற வேண்டும். எட்டு நாள். அடுத்த சனிக்கிழமை, பத்தரை மணிக்கு வாருங்கள்," என்று கொப்பியில் என் பெயரை எழுத்துக்கூட்டி எழுதினார்.

பல் பிடுங்க டெர்மின், அதாவது முன்கூட்டியே நேரம் குறித்து, எடுத்திருக்கிறேன். விசா நீடிக்க எடுத்திருக்கிறேன். இறைச்சிக்கு அதுதான் முதல் தடவை. சனிக்கிழமை பத்து நாற்பதுக்குப் போனேன். கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். மன்னிப்புக் கேட்டேன். அந்நியரிடம் எவ்வளவு இலகுவாக வருகிறது பாருங்கள்.

இறைச்சியோடு ஒரு சின்னப் பையில் வாசனைச் சரக்கும் தந்தார். வீட்டில் ரீற்றா அதை உடைத்துத் தட்டில் கொட்டினாள். கொத்தமல்லி, மிளகு, கடுகு, கராம்பு, ஒரு காய்ந்த இலை.

"இது எங்கட கறித்தூள்தானே. அரைக்கப் பஞ்சியில அப்பிடியே வித்திருக்கிறான்," என்றாள்.

ஒரு எளிய கணக்கு

ஞாயிறு காலைப் பூசை முடிந்து வந்து வேலையைத் தொடங்கினேன். அடியில் உருளைக்கிழங்கும் கரட்டும் வெங்காயமும். மேலே இறைச்சி. அதற்கு மேலே கடைக்காரரின் அரைக்காத கறித்தூள். தண்ணீர் விட்டு மூடி, பன்னிரண்டு மணிக்கு ஆளியைக் குறைந்த சூட்டில் திருப்பினேன். எட்டு மணித்தியாலம். ஆகவே இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு.

பிறகேன் ஐந்து மணிக்கு வரச் சொன்னாய் என்று கேட்பவர் தமிழராக இருக்க மாட்டார்.

எங்கள் ஆட்களை எட்டு மணிக்குச் சாப்பிட வைக்க வேண்டுமென்றால் ஐந்து மணிக்கு என்று சொல்ல வேண்டும். ஐந்து என்று சொன்னால் ஐந்தரைக்குக் குளிப்பார்கள். ஆறு மணிக்குப் போன் எடுத்து, "வெளிக்கிட்டிட்டம்" என்பார்கள். பின்னால் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ஏழு மணிக்கு வந்து, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே நெடுஞ்சாலையில் நெரிசல் என்பார்கள். பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வந்தவரும் அதைத்தான் சொல்வார். பிறகு றோல்ஸ், தேத்தண்ணீர், ஊர்க்கதை. எட்டு மணி தானாக வரும்.

இந்தக் கணக்கு எனக்கு ஒரு நாளும் பிழைத்ததில்லை. முதல் நன்மை விருந்து, பிறந்தநாள், அறுபதாம் கல்யாணம் எல்லாவற்றுக்கும் இதுதான். ரீற்றாவும் இதை நம்பித்தான் றோல்ஸை ஃபிறீசரில் விட்டிருந்தாள், ஆறரைக்கு எடுத்துப் பொரிக்கலாம் என்று.

ஜேர்மனியில் பிறந்து, ஜேர்மன் பள்ளிக்கூடத்தில் படித்து, ஜேர்மன் மருத்துவமனையில் நிமிடம் பார்த்து ஊசி போடுகிற ஒருத்தியை நான் இந்தக் கணக்கில் எப்படிச் சேர்த்தேன்? என் மகள் என்பதால்தான். பிள்ளைகள் இரத்தத்தோடு தாமதத்தையும் எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்துவிட்டேன்.

காய்ச்சல்

இனித் தள்ளிப் போட இடமில்லை.

இரண்டு வருடத்துக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, கொலோன் பதிவு அலுவலகத்தில் டிலானிக்கும் டெக்லனுக்கும் கல்யாணம் நடந்தது. நான் போகவில்லை.

மதம் காரணமா என்றால் இல்லை. டெக்லனும் கத்தோலிக்கர்தான். ஞானஸ்நானம், முதல் நன்மை, உறுதிபூசுதல் எல்லாம் முடித்து, அதற்குப் பிறகு கோயில் பக்கம் எட்டிப் பாராதவர். அதாவது எங்கள் பிள்ளைகளைப் போலவே. குடிப்பாரா என்றால், நான் குடிப்பதைவிடக் குறைவு. பிள்ளையை நல்லாகப் பார்ப்பாரா என்றால், அதை அவள் முகமே சொன்னது.

காரணம் ஒரே ஒரு வசனம். கல்யாணத்துக்கு இரண்டு கிழமைக்கு முன், பூசை முடிந்து கோயில் படியில் நிற்கும்போது சேவியர் அண்ணை சொன்னார்.

"மகளை வெள்ளைக்குக் குடுக்கிறியளாம் எண்டு கேள்விப்பட்டன். ம். என்ன செய்யிறது."

அவ்வளவுதான். சொல்லிவிட்டு அவர் சட்டைப்பையில் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கிவிட்டார். எனக்கு அந்த "ம்" இரண்டு கிழமை காதுக்குள் நின்றது. சனம் என்ன சொல்லும், சனம் எப்படிப் பார்க்கும் என்று படுக்கையில் புரண்டேன். வெள்ளிக்கிழமை விடிந்தபோது காய்ச்சல் என்றேன்.

ரீற்றா நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள். பிறகு வெப்பமானியைக் கொண்டுவந்து வாயில் வைத்தாள். முப்பத்தாறு தசம் ஆறு. அதைத் துடைத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, சேலையைக் கட்டிக்கொண்டு தனியாக ரயிலேறினாள். அன்று பின்னேரம் வந்து சேலையை மாற்றினாள். சோறு போட்டாள். அதற்கு அவள் நாலு வார்த்தை ஏசியிருக்கலாம்.

நான் பயந்த அந்தச் சனம் அந்த வார இறுதியில் யாரோ ஒருவரின் மகளுடைய சாமத்திய வீட்டில், மஞ்சள் நீராட்டு விழாவில், இருந்தது. எல்லோரும் வந்து கொத்துரொட்டி நல்லாக இருந்ததா இல்லையா என்று கதைத்தார்கள். என் மகளின் கல்யாணத்தைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. யாருக்காக நான் வீட்டில் இருந்தேனோ, அவர்களுக்கு நான் வீட்டில் இருந்ததே தெரியாது.

இத்தோடு முடிந்திருந்தால் என் மானத்தில் கொஞ்சமாவது மிஞ்சியிருக்கும். போன வருடம் சேவியர் அண்ணையின் மகன் கல்யாணம் செய்தான். பெண் ஜேர்மன்காரி. அண்ணை நேரில் வந்து கார்ட் வைத்தார்.

"காலம் மாறிட்டுது தம்பி. பிள்ளையளின்ர சந்தோஷம்தானே முக்கியம். கட்டாயம் வரவேணும்," என்றார்.

காலம் மாறுகிற திகதியை எனக்கு மட்டும் ஒருவரும் முன்கூட்டி அறிவிக்கவில்லை. ஆனாலும் போனேன். சாப்பிட்டேன். பைலா போட்டபோது ஆடினேன். ரீற்றா வரவில்லை. அவளுக்கு அன்று காய்ச்சல்.

இந்த இரண்டு வருடமும் டிலானி மாதம் ஒரு முறை போன் எடுப்பாள். "சுகமா இருக்கிறியளோ அப்பா?" "ஓம் பிள்ளை." "மருந்து எடுக்கிறியளோ?" "ஓம் பிள்ளை." பிறகு தாயிடம் கொடுக்கச் சொல்வாள். மருத்துவமனையில் எல்லா நோயாளியிடமும் அவள் அதைத்தான் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

இறைச்சி எட்டு மணிக்கு, ரயில் ஏழு இருபதுக்கு

கால்சட்டையை மாட்டிக்கொண்டு நான் முன்னறைக்கு வந்தபோது இருவரும் சோஃபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தார்கள். டெக்லன் எழுந்து கை கொடுத்தார். டிலானி எழுந்து கன்னத்தை நீட்டினாள். கொஞ்சினேன். அவள் மெலிந்திருந்தாள்.

"ஏழு இருபதுக்கு ட்ரெயின் அப்பா," என்றாள் உட்காரும் முன்னரே. "எனக்கு நாளைக்குக் காலமை ஆறு மணிக்கு வேலை."

ஏழு இருபது. இறைச்சி எட்டு மணிக்கு. என் இரண்டு வருடத்து மன்னிப்பு சட்டிக்குள் இருக்க, அவள் பசியோடு எழுந்து போய்விடுவாள். போனால் அடுத்த வருகை எப்போதென்று எனக்குத் தெரியாது.

டெக்லன் குசினிக்குள் வந்து சட்டியைப் பார்த்தார். ஆசிரியர் அல்லவா, முதல் வேலையாக அறிவுறுத்தல் புத்தகத்தை எடுத்தார்.

"மூடியைத் திறந்தீர்களா?" என்று ஜேர்மனில் கேட்டார்.

"இரண்டு முறை."

"பதினொரு தரம்," என்றாள் ரீற்றா, அதற்கு மட்டும் தெளிவான ஜேர்மனில்.

நெருப்பு இல்லை, கொதிக்கும் சத்தம் இல்லை, ஆவி இல்லை. இப்படிப்பட்ட ஒரு சட்டியைத் திறந்து பாராமல் விடுவதற்கு நான் என்ன துறவியா? ஆனால் ஒவ்வொரு முறை திறந்தாலும் இருபது நிமிடம் கூட அவிய வேண்டும் என்று பதினொரு மொழியிலும் போட்டிருந்ததாம். டெக்லன் மனதுக்குள் கணக்குப் பார்த்தார். முகம் கொஞ்சம் வாடியது. ஆளியைக் கூடிய சூட்டுக்குத் திருப்பினார்.

"இப்படி விட்டால் எட்டு மணிக்கு வந்துவிடும்," என்றார் ஆறுதலாக.

"உங்கள் அம்மா இதை எப்படிச் செய்வார்?" என்று கேட்டேன்.

அவர் தயங்கினார். "இது மிக அழகாக இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் இதைச் செய்வதில்லை. அமெரிக்காவில் இருக்கிற பெரியம்மா செய்வாராம்."

"அப்படியானால் அம்மா என்ன சமைப்பார்?"

"அதிகமாகப் பாஸ்டா." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எனக்கு டிலானி செய்கிற றோல்ஸ் நல்ல விருப்பம்," என்றார்.

ரீற்றா என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஃபிறீசரைத் திறந்து, கல்லாகக் கிடந்த றோல்ஸை எடுத்து வெளியே வைத்தாள்.

அடுத்த ஒன்றரை மணித்தியாலம் நான் மருமகனுக்கு ஜேர்மனியின் காலநிலை, ஓய்வூதியம், குப்பை பிரிக்கும் முறை எல்லாவற்றையும் விளக்கினேன். இந்த நாட்டில் எட்டு வருடம் இருப்பவருக்கு அது எவ்வளவு பயனுள்ள தகவல் என்பதை நீங்களே ஊகிக்கலாம். தேத்தண்ணீர் மூன்று முறை வந்தது. பிஸ்கட் முடிந்தது. சட்டி சத்தமில்லாமல் தன் வேலையைப் பார்த்தது.

ஆறரைக்கு ரீற்றா றோல்ஸ் பொரிக்கப் போனாள். டெக்லன் தானும் உதவுகிறேன் என்று எழுந்து போனார். அவர் வேண்டுமென்றே போனார் என்பது எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. முன்னறையில் நானும் மகளும் தனியே.

டிலானி போனைப் பார்த்தாள். "ட்ரெயின் நேரத்துக்கு வருது," என்றாள்.

ஜேர்மனியில் மனிதர்கள்தான் நேரம் தவறுவதில்லை. ரயில்கள் எப்போதோ எங்கள் ஆட்களோடு பழகிவிட்டன. அன்று பார்த்து அந்த ரயிலுக்கு ஒழுக்கம் வந்துவிட்டது.

"அப்பா, இறைச்சி எட்டு மணிக்கு எண்டால் ஏன் எங்களை ஐஞ்சுக்கு வரச் சொன்னியள்?"

"நீங்கள் எப்பிடியும் ஏழு மணிக்குத்தான் வருவியள் எண்டு நினைச்சன்."

"நான் எப்ப பிந்தி வந்திருக்கிறன்?"

யோசித்துப் பார்த்தேன். அவள் பிறந்ததுகூட டாக்டர் சொன்ன திகதியில்தான்.

"நீங்கள்தான் பிந்துவியள்," என்றாள். குரலை உயர்த்தவில்லை. "அண்டைக்கு எங்களுக்குப் பத்து இருபதுக்கு டெர்மின். பதிவு செய்யிற மனிசி கேட்டா, இன்னும் ஆரும் வர இருக்கினமோ எண்டு. நான் ஓம் எண்டன். அப்பா எப்பவும் பிந்தித்தான் வருவார், ஒரு பத்து நிமிஷம் தாங்கோ எண்டு கேட்டன். வெளியில அடுத்த சோடி நிண்டது. அவ மணிக்கூட்டைப் பாத்திட்டு, சரி எண்டு பேனையை மூடி வைச்சா."

நான் வெறும் பிஸ்கட் தட்டை நேராக்கி வைத்தேன்.

"அம்மாக்குத் தெரியும் நீங்கள் வரமாட்டியள் எண்டு. வீட்டில படுத்திருக்கிறார் எண்டு எனக்குச் சொல்ல அவவுக்கு மனமில்லை. நிலத்தைப் பாத்துக்கொண்டு இருந்தா. நான் கதவைப் பாத்துக்கொண்டு இருந்தன். பத்து நிமிஷமும்."

இந்த நாட்டில் எத்தனையோ மேசைகளுக்கு முன்னால் நான் நின்றிருக்கிறேன். அகதி விண்ணப்பத்துக்கு, வேலை அனுமதிக்கு, குடியுரிமைக்கு. ஒரு மேசைகூட எனக்காக ஒரு நிமிடம் காத்திருந்ததில்லை. அன்று ஓர் அலுவலகம் பத்து நிமிடம் காத்திருந்திருக்கிறது. என் மகள் கேட்டதற்காக. நான் அந்த நேரம் போர்வைக்குள் படுத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்கு அண்டைக்குக் காய்ச்சல்..." என்று தொடங்கினேன். பழக்கதோஷம்.

"சேவியர் மாமாவின்ர மகன்ர கலியாண வீடியோ பாத்தனான் அப்பா. நல்லா ஆடுறியள்."

அதற்கு மேல் எந்தச் சட்டிக்குள்ளும் ஒளிந்துகொள்ள ஏலாது.

"காய்ச்சல் இல்லை," என்றேன். "ஒண்டுமே இல்லை. சனத்துக்குப் பயந்திட்டன் பிள்ளை. ஒரு மனிசன் ஒரு கதை சொன்னதுக்குப் பயந்து உன்ர கலியாணத்துக்கு வராமல் படுத்திருந்தனான். பிறகு அந்த மனிசன் கூப்பிட்டவுடன போய் ஆடினனான். வெக்கமாக் கிடக்கு. நான் செய்தது பெரிய பிழை. என்னை மன்னிச்சுக்கொள்."

சொல்லி முடித்ததும் எனக்கு மூச்சு வாங்கியது. அறுபத்திரண்டு வயதில் அந்தச் சொல்லை வீட்டுக்குள் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. அதுவரை அது இறைச்சிக் கடைக்காரருக்கும் ரயிலில் காலை மிதித்தவர்களுக்கும் மட்டும் உரியதாக இருந்தது.

டிலானி மணிக்கூட்டைப் பார்த்தாள். எழுந்தாள். ஆறு ஐம்பது. கோட்டு மாட்டும் கொளுவி குசினி வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவள் அந்தப் பக்கம்தான் போனாள். நான் உட்கார்ந்தே இருந்தேன். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தோன்றியது.

ஒரு மணித்தியாலம்

வாசற் கதவு திறக்கும் சத்தம் வரவில்லை. குசினியிலிருந்து வெட்டும் பலகையில் கத்தி விழும் சத்தம் வந்தது.

எழுந்து போனேன். கோட்டு கொளுவியிலேயே தொங்கியது. ரீற்றா எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றாள். டெக்லன் வாயில் ஒரு றோல்ஸோடு, கையில் இன்னொன்றோடு நின்றார். டிலானி என் கோவாவை, அதாவது முட்டைக்கோஸை, எடுத்து நாலாகப் பிளந்துகொண்டிருந்தாள். இறைச்சியோடு போடவென்று நான் அதை வாங்கி வைத்ததோடு மறந்துவிட்டிருந்தேன்.

"கோவாவைக் கடைசி ஒரு மணித்தியாலத்தில போட வேணும் எண்டு புத்தகத்தில இருக்கு," என்றாள், நிமிர்ந்து பாராமல். "இப்ப போட்டால் எட்டுக்குச் சரி."

பிறகு கணவரிடம் ஜேர்மனில், "அடுத்த ரயில் எப்போது என்று பார்," என்றாள்.

"நாளைக்குக் காலமை வேலை எண்டனியே..." என்றேன்.

"ஓம். நித்திரை இல்லாமப் போவன்."

மூடியைத் திறந்து துண்டுகளை ஒவ்வொன்றாக இறைச்சியைச் சுற்றி வைத்தாள். மூடினாள். கையைத் துடைத்துக்கொண்டு அப்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"எனக்குக் கோபம் போகேல்லை அப்பா. போயிட்டுது எண்டு நினைக்க வேண்டாம்."

"இல்லைப் பிள்ளை. நினைக்கேல்லை."

"கோபத்தோடதான் இருந்து சாப்பிடப் போறன்."

"சாப்பிடு பிள்ளை," என்றேன்.

கண் கலங்கிவிட்டது. அவள் வெட்டியது வெங்காயமாக இருந்திருந்தால் பழியை அதன் மேல் போட்டிருப்பேன். கோவாவுக்கு அந்தக் குணம் கிடையாது. மருமகன் உட்பட எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, நடுக் குசினியில் நின்று அழுதேன்.